ஆட்குறைப்பு என்று சொல்லிவிட்டுக் கடைசி நாளைத் தள்ளிக்கொண்டே போனால்: பெங்களூரு ஊழியர்களுக்கு

மார்ச் 31 உங்கள் கடைசி வேலை நாள் என்று எச்.ஆர். சொல்லியாயிற்று. மூன்றாம் வாரத்தில், “கே.டி. (உங்கள் வேலையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்து ஒப்படைப்பது) இன்னும் முடியவில்லை, ஏப்ரல் 30 ஆக்கிவிடலாம்” என்கிறார்கள். ஏப்ரலில், “கிளையன்ட் ஒப்புதல் வரவில்லை, மே மாதம் பார்ப்போம்” என்கிறார்கள். இதற்கிடையே புதிய நிறுவனம் எப்போது சேர்கிறீர்கள் என்று கேட்கிறது, வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று, பிள்ளைக்கு ஊரில் பள்ளியில் இடம் வாங்கியாயிற்று. எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் மான்யதாவிலும் இப்படி மாட்டிக்கொண்ட நம்மவர்கள் பலர் கடைசியில் பொறுமை இழந்து ஒரு ராஜினாமா மெயில் அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ராஜினாமா போன கணமே ஆட்குறைப்பு என்ற விஷயம் காகிதத்தில் காணாமல் போய், நீங்களாக விலகியதாகிவிடும். சட்டப்படி வர வேண்டிய இழப்பீட்டைக் கேட்க அதன் பிறகு பிடிமானம் இருக்காது. தேதியைத் தள்ளினால் அதற்குப் பதில் தேதியைக் கட்டிப்போடும் ஒரு கடிதம். அதை எப்படி எழுதுவது, அதற்கு முன் எதைப் பார்ப்பது என்பதைச் சொல்கிறோம்.

கையில் என்ன காகிதம் இருக்கிறது?

எல்லாம் இதைப் பொறுத்தது. ‘உங்கள் பணி இன்ன தேதியோடு முடிகிறது’ என்று எழுதிய நோட்டீஸ் கையில் இருந்தால் நீங்கள் வலுவான இடத்தில் இருக்கிறீர்கள். அந்தத் தேதி இரு தரப்புக்கும் பொது. நிறுவனம் தன்னிச்சையாக அதை மாற்ற முடியாது, உங்கள் சம்மதம் வேண்டும். ஆனால் சம்மதம் கையெழுத்தாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. புதிய தேதியைச் சொன்ன மெயிலுக்குப் பதில் எழுதாமல் வழக்கம்போல வேலை செய்துகொண்டிருந்தால், நீங்கள் ஒப்புக்கொண்டதாகப் பின்னால் வாதிடுவார்கள். மௌனம்தான் இந்த விவகாரத்தில் பெரிய எதிரி.

மீட்டிங்கில் வாய்மொழியாக மட்டும் சொல்லியிருந்தால் சட்டப்படி நோட்டீஸ் இன்னும் தொடங்கவே இல்லை. அன்றே, “இன்று நடந்த கூட்டத்தில் என் பணியிடம் நீக்கப்படுவதாகவும், கடைசி நாள் இன்ன தேதி என்றும் தெரிவித்தீர்கள், எழுத்துப்பூர்வமான நோட்டீஸை அனுப்புங்கள்” என்று ஒரு மெயில் போடுங்கள். பதில் வராவிட்டாலும் அந்த மெயில் சாட்சியாக நிற்கும்.

மூன்றாவது வகைதான் பெங்களூரில் அதிகம். “நீங்களே ரிசைன் பண்ணிவிடுங்கள், ரெக்கார்டு சுத்தமாக இருக்கும், இரண்டு மாதச் சம்பளம் தருகிறோம்” என்று சொல்லி போர்ட்டலில் ராஜினாமாவைப் பதியச் சொல்வார்கள். பதிந்த பிறகு கடைசி நாளைத் தள்ளுவது அவர்களுக்கு இன்னும் சுலபம், ஏனென்றால் நியமனக் கடிதத்தில் உள்ள 60 அல்லது 90 நாள் நோட்டீஸ் காலத்தைக் காட்டிவிடுவார்கள். ஏற்கெனவே பதிந்துவிட்டீர்கள் என்றால், நிறுவனம் கேட்டுக்கொண்டதால்தான் பதிந்தேன் என்று அந்த உரையாடலின் தேதியோடு உடனே ஒரு மெயில் அனுப்பி வைக்கவும்.

இன்னொன்று: எச்.ஆர். போர்ட்டலில் கடைசி வேலை நாள் என்ற கட்டத்தில் இருக்கும் தேதியைச் சத்தமில்லாமல் மாற்றிவிட முடியும், பழைய தேதி எங்கும் தெரியாது. இன்றே அந்தப் பக்கத்தை, கணினியின் தேதியும் நேரமும் தெரியும்படி, மொபைலில் படம் எடுத்து வையுங்கள். நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், கடைசி பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டு, படிவம் 16, ஈசாப் (ஊழியருக்குத் தரும் நிறுவனப் பங்கு) ஒதுக்கீட்டுக் கடிதம், இன்சூரன்ஸ் அட்டை எல்லாம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த வேலை ஆவணங்கள் மட்டும்தான். கிளையன்டின் கோப்புகளையோ மென்பொருள் நிரல்களையோ சொந்த மெயிலுக்கு அனுப்பினால், ஆட்குறைப்பை ஒழுங்கு நடவடிக்கையாகத் திருப்ப அவர்களுக்கு நீங்களே வழி திறந்துவிட்டதாகும்.

சட்டம் எவ்வளவு தூரம் கூட வரும்

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறையில் உள்ளன. ஆட்குறைப்புக்கு உரியது 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பு. ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்த தொழிலாளரை நீக்க, காரணம் குறிப்பிட்டு ஒரு மாத எழுத்து நோட்டீஸ் தர வேண்டும், அல்லது அந்த மாதச் சம்பளத்தைத் தர வேண்டும். அதோடு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. ஆறு மாதத்துக்கு மேல் நீளும் மிச்சமும் முழு ஆண்டாகக் கணக்கில் சேரும். இந்தத் தொகையை நீக்கும் நேரத்திலேயே தர வேண்டும். ‘ஆறு வாரம் கழித்து செட்டில்மெண்டோடு’ என்பது நிறுவனத்தின் பழக்கம், சட்டம் அல்ல. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்திலும் இதே அளவுதான் இருந்தது, ஆகவே 2025 நவம்பருக்கு முன் நீக்கப்பட்டவர்களுக்கும் கணக்கு மாறாது. புதிதாக வந்திருப்பது மறுதிறன் நிதி, அதாவது வேலை போனவர் புதிய திறன் கற்க உதவும் நிதி. நிறுவனம் 15 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகையை அதில் செலுத்தி, நீக்கிய 45 நாளுக்குள் அது உங்கள் கணக்கில் வந்து சேர வேண்டும்.

‘தொழிலாளர்’ என்றால் யார் என்பதில்தான் சண்டை வரும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அதில் வர மாட்டார்கள். ஆனால் பதவிப் பெயர் எதையும் தீர்மானிக்காது. ‘டெக்னிக்கல் மேனேஜர்’ என்ற அட்டையோடு நாள் முழுக்க மென்பொருள் நிரல் எழுதுபவர், யாரையும் வேலைக்கு எடுக்கவோ நீக்கவோ விடுப்பு அனுமதிக்கவோ அதிகாரம் இல்லாதவர், தொழில்நுட்ப வேலை செய்யும் தொழிலாளர் என்று வாதிட நல்ல இடம் உண்டு. நீதிமன்றங்கள் உண்மையில் என்ன வேலை செய்தார் என்றுதான் பார்க்கின்றன. உங்கள் தினசரி வேலையைக் காட்டும் அப்ரைசல் தாள் இங்கே உதவும்.

மெய்யாகவே மேனேஜராக இருப்பவர்களுக்கு நியமனக் கடிதமும் வேலையிலிருந்து பிரியும்போது போடும் ஒப்பந்தமும்தான் ஆதாரம். அதில் எழுதியிருக்கும் தேதியை மாற்ற அங்கேயும் இரு தரப்பு சம்மதம் வேண்டும். ஊதிய விஷயத்தில் மட்டும் 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்பு மேனேஜர்களையும் சேர்த்துக்கொள்கிறது.

மறுக்கும் முன் ஒரு கணக்கு போடுங்கள்

தேதி தள்ளிப்போவது எப்போதும் நஷ்டம் அல்ல. ஆத்திரத்தில் மறுத்துவிட்டுப் பணத்தை இழந்தவர்கள் உண்டு, ஆகவே இதை நிதானமாகப் பாருங்கள்.

2019 ஆகஸ்ட் 20 அன்று சேர்ந்தவர், சம்பளம் 60,000 என்று வைத்துக்கொள்வோம். 2026 ஜனவரி 31 அன்று வெளியேறினால் பணிக்காலம் ஆறு ஆண்டு, ஐந்து மாதம், சில நாள். இழப்பீடு ஆறு ஆண்டுக்குத்தான். 15 நாள் சம்பளம் 30,000, மொத்தம் 1,80,000. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும், அது ஆண்டுக்கு 34,615, ஆறு ஆண்டுக்கு 2,07,692. கடைசி நாள் பிப்ரவரி 28 ஆனால் ஆறரை ஆண்டைத் தாண்டிவிடுகிறார், இரண்டும் ஏழு ஆண்டாகிறது: 2,10,000, 2,42,308. ஒரு மாதத் தாமதத்தில் சம்பளம் போக ஏறத்தாழ 64,600 ரூபாய் கூடுதல். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 30ஆலும் பணிக்கொடைக்கு 26ஆலும் வகுப்பதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஐந்தாம் ஆண்டை நெருங்குகிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை ஐந்து ஆண்டுத் தொடர் பணிக்குத்தான். நான்கு ஆண்டும் 240 நாளும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மெட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொன்னது. வாரம் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் அலுவலகத்துக்கு 240க்குப் பதில் 190 நாள் என்பதும் சட்டத்தில் உண்டு. பெங்களூரில் அந்தத் தீர்ப்பை வாதமாக வைக்கலாம், கட்டாயப்படுத்தும் தீர்ப்பாகக் காட்ட முடியாது. முழு ஐந்து ஆண்டைத் தாண்டிவிட்டால் வாதமே தேவையில்லை. சில வாரம்தான் குறை என்றால் தாமதத்தை ஏற்றுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

வரியையும் சேருங்கள். கடைசி நாள் மார்ச்சிலிருந்து ஏப்ரலுக்குப் போனால் மொத்தத் தொகையும் அடுத்த நிதியாண்டில் விழும். அடுத்த ஆண்டு சில மாதம் வேலை இல்லாமல் இருக்கப் போகிறவருக்கு அது நல்லது. உடனே பெரிய சம்பளத்தில் சேரப் போகிறவருக்கு லாபம் இருக்காது. தொழிலாளருக்குச் சட்டப்படி வரும் ஆட்குறைப்பு இழப்பீட்டில் 5 லட்சம் வரையும், பணிக்கொடையில் 20 லட்சம் வரையும் விலக்கு உண்டு. நிறுவனம் மேலே போட்டுத் தரும் எக்ஸ்கிரேஷியா சம்பளம் போல வரிக்கு உட்படும்.

ஈசாப் வைத்திருந்தால் அடுத்த வெஸ்டிங் தேதியையும் (பங்கு உங்களுக்கு உரிமையாகும் நாள்), போனஸ் தர ‘இன்ன தேதியில் பணியில் இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை இருந்தால் அதையும் இதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அனுப்ப வேண்டிய கடிதம்

புதிய தேதி வந்த இரண்டு மூன்று நாளுக்குள் அனுப்புங்கள். அலுவலக மெயிலிலிருந்து எச்.ஆருக்கும் மேலாளருக்கும், நகல் உங்கள் சொந்த மெயிலுக்கு. அலுவலக மெயிலை எந்த நிமிடமும் மூடிவிடலாம் என்பதால் நகல் கட்டாயம். ஆங்கிலத்தில் எழுதுங்கள், சாரம் இது:

“உங்கள் மார்ச் 2 தேதியிட்ட நோட்டீஸின்படி என் பணி மார்ச் 31 அன்று ஆட்குறைப்பு காரணமாக முடிகிறது. அதை நம்பி என் அடுத்த ஏற்பாடுகளைச் செய்துவிட்டேன். மார்ச் 20 அன்று நீங்கள் தெரிவித்த ஏப்ரல் 30 என்ற தேதிக்கு நான் சம்மதிக்கவில்லை. மார்ச் 31 அன்று பொறுப்புகளையும் கருவிகளையும் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். அன்றே இழப்பீட்டையும் ரிலீவிங் லெட்டரையும் வழங்கவும். நான் ராஜினாமா செய்யவில்லை.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கே.டி. முடியவில்லை என்ற காரணத்தை முன்கூட்டியே அடைக்க, யாரிடம் எந்தத் தேதியில் எதை ஒப்படைத்தீர்கள் என்று ஒரு பட்டியலை இணையுங்கள். ஆள் ஒதுக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்: “ஆள் பெயரைத் தரும்படி மார்ச் 5, 12, 18 ஆகிய தேதிகளில் கேட்டேன்.” தாமதத்துக்குக் காரணம் நீங்கள் அல்ல என்று நிறுவ இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

தாமதம் உங்களுக்கும் வசதி என்றால் சும்மா “ஓகே” என்று பதில் போடாதீர்கள். புதிய தேதி இறுதியானது, அதுவரை முழுச் சம்பளமும் பி.எஃப்.பும் மருத்துவக் காப்பீடும் தொடரும், அறிவித்த பேக்கேஜ் குறையாது, பணிக்காலம் புதிய தேதி வரை கணக்கிடப்படும், எனக்கு வேறு வேலை கிடைத்தால் ஏழு நாள் அறிவிப்பில் இழப்பீட்டை இழக்காமல் வெளியேறலாம் என்பவற்றை எழுதிக் கேளுங்கள். கடைசி நிபந்தனைக்கு அவர்கள் தயங்குவார்கள், ஆனால் உங்கள் கை ஓங்கியிருக்கும் நேரம் அதுதான். அவர்களுக்கு நீங்கள் தேவைப்படுவதால்தானே தள்ளுகிறார்கள்.

வேலை தேவை, வெளியேறவும் முடியாது, சம்மதிக்கவும் மனமில்லை என்ற நிலை இருந்தால், “என் ஆட்சேபத்தோடும் என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமலும் இப்போதைக்குப் பணியைத் தொடர்கிறேன்” என்று எழுதிவிட்டுத் தொடருங்கள். ஒவ்வொரு முறை தேதி மாறும்போதும் அதே வாக்கியம் மறுபடி போக வேண்டும்.

“இருந்தால்தான் பேக்கேஜ்” என்று சொன்னால்

இரண்டு பணத்தைப் பிரித்துப் பாருங்கள். சட்டப்படியான இழப்பீடு, சம்பள நிலுவை, பணிக்கொடை ஆகியவற்றை ‘நாங்கள் சொல்லும் நாள் வரை இருந்தால்தான்’ என்று கட்ட முடியாது. அதற்கு மேல் தரும் எக்ஸ்கிரேஷியாவுக்கும், சொன்ன நாள் வரை தங்கினால் தரும் போனஸுக்கும் நிபந்தனை வைக்கலாம். மேனேஜர்களுக்குப் பெரும்பாலும் பின்னது மட்டுமே என்பதால் அவர்கள் முதல் தேதியில் கிளம்பும் முன் அந்த ஒப்பந்த வாசகத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது. ஒரு மணி நேர ஆலோசனைக் கட்டணம் போகும் தொகைக்கு முன் ஒன்றுமில்லை.

நோட்டீஸில் உள்ள தேதிக்கும் முன்பே போக வேண்டுமென்றால், ‘முன்கூட்டியே விடுவிக்கக் கோருகிறேன், இதனால் ஆட்குறைப்பின் தன்மை மாறாது’ என்று எழுதி, அவர்கள் ஒப்புக்கொண்ட பதிலைக் கையில் வாங்கிய பிறகே கிளம்புங்கள். போர்ட்டலில் ‘ரிசைன்’ பொத்தானை அழுத்தினால்தான் தேதியை மாற்ற முடியும் என்பார்கள். அது மென்பொருளின் குறை, அதற்காக உங்கள் உரிமையை விட வேண்டியதில்லை.

புதிய வேலையும் பி.எஃப்.பும்

புதிய நிறுவனத்திடம் உண்மையைச் சொல்லுங்கள், நோட்டீஸின் நகலையும் ஆட்சேபக் கடிதத்தையும் காட்டுங்கள். சேரும் தேதியை மாற்றினால் எழுத்தில் வாங்குங்கள். செய்யக் கூடாதது, பழைய இடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே புதிய இடத்தில் சேர்வது. இரண்டு நிறுவனமும் ஒரே யு.ஏ.என்.னில் (உங்கள் பி.எஃப். பொது எண்) ஒரே மாதத்துக்குப் பணம் கட்டும்போது அது பாஸ்புக்கில் அப்படியே தெரியும், பின்னணிச் சரிபார்ப்பில் முதலில் மாட்டுவது இதுதான். கார்டன் லீவில், அதாவது சம்பளத்தோடு வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி, வீட்டில் இருந்தாலும் நீங்கள் இன்னும் பழைய நிறுவன ஊழியர்தான்.

ரிலீவிங் லெட்டரை இழுத்தடித்தால் ஆட்குறைப்பு நோட்டீஸ், கடைசிச் சம்பளச் சீட்டு, லேப்டாப் ஒப்படைத்த ரசீது மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் பல நிறுவனங்கள் தற்காலிகமாக ஏற்கும். அந்த ரசீதில் சீரியல் எண்ணும் தேதியும் இருக்கட்டும். பி.எஃப்.பில் வெளியேறிய தேதியை நிறுவனம் பதியாவிட்டால், கடைசிச் சந்தா மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் தளத்தில் ஆதார் ஓ.டி.பி. கொண்டு நீங்களே பதியலாம். ஒருமுறை பதிந்ததைத் திருத்துவது பெரும்பாடு, ஆகவே நோட்டீஸில் உள்ள தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பதியுங்கள்.

மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி நாளோடு நின்றுவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறினால் காத்திருப்புக் காலத்தின் பலன் தொடரும், வெளியேறும் முன்பே விண்ணப்பியுங்கள்.

பணமும் புகாரும்

ஊதியத் தொகுப்பின்படி, ஆட்குறைப்பானவரின் சம்பள நிலுவையை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். பணிக்கொடைக்கு 30 நாள், தாண்டினால் வட்டி. மூன்றாம் நாள் ஒரு நினைவூட்டல், பிறகு புகார். ஊதியக் கோரிக்கையை மூன்று ஆண்டுக்குள் போடலாம், அதிகாரி கோரிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க இடம் உண்டு. ஆட்குறைப்பே முறைகேடு என்ற தகராறுக்கு இரண்டு ஆண்டு.

20 பேரோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் இருந்தால் நிறுவனத்துக்குள்ளேயே குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அங்கே புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும், திருப்தி இல்லாவிட்டால் 60 நாளுக்குள் சமரச அதிகாரியிடம் போகலாம். ஐ.டி. உள்ளிட்ட தனியார் நிறுவனங்களுக்கு மாநில அரசுதான் பொறுப்பு. பன்னேர்கட்டா சாலையில் உள்ள கார்மிக பவனில்தான் கர்நாடகத் தொழிலாளர் துறையின் தலைமையகம். ஒன்றிய அரசின் தொழிலாளர் ஆணையருக்கு மனு போட்டுவிட்டு மாதக் கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆணையரின் வரம்பில் வருபவை ரயில்வே, வங்கி, சுரங்கம் போன்றவை. ஓசூரில் குடியிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்து போகிறவர்களும் ஓசூர் அலுவலகத்துக்குப் போக வேண்டாம், வேலை செய்த இடம் கர்நாடகம், மனுவும் இங்கேதான். மனுவை ஆங்கிலத்தில் எழுதலாம். ஒரு பக்கத்துக்குள் சேர்ந்த தேதி, நோட்டீஸ் தேதி, தள்ளப்பட்ட ஒவ்வொரு தேதி, கேட்கும் தொகை, பின்னிணைப்பாக மெயில்கள் என்று கொடுத்து, ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதிகாரி இரு தரப்பையும் கூப்பிடுவார். நிறுவனங்கள் பெரும்பாலும் அந்த முதல் அழைப்புக்குப் பிறகுதான் தொகையை அசைக்கின்றன. சமரசம் முறிந்தால் அறிக்கை வந்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், இந்த நாள் கணக்கைத் தவற விடாதீர்கள்.

ஒரே அறிவிப்பில் பலர் மாட்டியிருந்தால் சேர்ந்து போங்கள். கர்நாடக ஐ.டி. ஊழியர் சங்கமான கே.ஐ.டி.யு. இப்படிப்பட்ட புகார்களைத் தொழிலாளர் துறைக்குக் கொண்டுபோகிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழையுங்கள். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவது சட்டம், கேட்டு வாங்குங்கள்.